ஒரு கிலோ இரும்பும் ஒரு டப்பா நார்க்கழிவும்: கணத்தாக்கை அளக்கும் தட்டு

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் களங்களில் வாடிவாசலுக்கு முன்னால் தென்னை நார்க்கழிவைப் பரப்பி வைப்பார்கள். விழுந்தால் அடி குறையும் என்பதற்கு யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எவ்வளவு குறைகிறது என்று எண்ணாகக் காட்டத்தான் கருவி வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் இருப்பது ஒரே வரி: சராசரி விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கினால் உந்த மாற்றம் கிடைக்கும், அதுவே கணத்தாக்கு. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுக்கும் படத்தோடு பாடம் முடிந்துவிடும். இந்தப் பதிவு அந்த வரியை ஒரு தட்டில் வைத்து அளப்பதற்கான செய்முறை.

கணக்கை முதலில் போட்டுவிடுவோம், ஏனென்றால் பாகங்களின் அளவு எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. 1 கிலோ எடை 50 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் தொடும் கணத்தில் வேகம் 3.13 மீ/வி. உந்தம் 3.13 நியூட்டன்-வினாடி. (மதுரை அட்சரேகையில் ஈர்ப்பு முடுக்கம் 9.78தான். 9.8 என்று போட்டால் வரும் பிழை ஆயிரத்தில் இரண்டு, இந்தக் கருவிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.) இந்த 3.13ஐ 2 மில்லி வினாடியில் கொன்றால் சராசரி விசை 1,565 நியூட்டனுக்கு மேல். 20 மில்லி வினாடி எடுத்துக்கொண்டால் 166 நியூட்டன். எதன் மேல் விழுந்தாலும் நிறுத்த வேண்டிய உந்தம் அதேதான். தரை தருவது நேரம் மட்டுமே.

விழும் எடை

மளிகைக் கடைப் படிக்கல் கைக்குக் கிடைக்கும், ஆனால் அறுகோண வடிவம் குழாய்க்குள் திரும்பித் திரும்பி உரசும். 50 மி.மீ. விட்டமுள்ள மைல்டு ஸ்டீல் ஷாஃப்ட் துண்டு நல்லது. எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம், அப்படியானால் 65 மி.மீ. நீளம் சரியாக 1 கிலோ. புதூர் சிட்கோ, கப்பலூர் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் இதை வெட்டித் தருவார்கள். 67 மி.மீ. வெட்டச் சொல்லி, விளிம்பை மழுக்கி, மேல் முகத்தின் நடுவில் 6 மி.மீ. மரை போட்டு ஒரு சிறு கொக்கியை மாட்டியபின், கொக்கியோடு சேர்த்து எடை பார்த்து 1,000 கிராமுக்குக் குறையுங்கள். கொக்கி நடுவில் இல்லாவிட்டால் எடை சாய்ந்து தொங்கும், சாய்ந்தே விழும், ஓரம் முதலில் குத்தும். அப்படிப் பதிவாகும் விசை-நேர வளைகோட்டில் இரண்டு திமில் தெரியும்.

குழாய் 63 மி.மீ. பி.வி.சி., நீளம் 75 செ.மீ. வெட்டுத்துண்டே போதும். இங்கே ஒரு சங்கதி உண்டு. சிலிண்டருக்கும் குழாய்க்கும் நடுவே சில மி.மீ. இடைவெளிதான், கீழே மாட்டிக்கொண்ட காற்று பம்பு போல எதிர்த்துத் தள்ளும். அதனால் குழாயின் இரண்டு பக்கமும் 5 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, உள்பக்கப் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். துளை இல்லாத குழாயில் விழும் எடை, சமன்பாடு சொல்லும் வேகத்தை எட்டவே எட்டாது. பிறகு வளைகோட்டின் கீழ்ப் பரப்பு (அதுதான் கணத்தாக்கு) குறைகிறதே என்று, விசையை மின் சிக்னலாக மாற்றும் லோடு செல்லைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம்.

கையால் விடக் கூடாது. விரல் விலகும்போது ஏதோ ஒரு பக்கம் இழுத்துவிடும். கொக்கியில் பருத்தி நூலைக் கட்டி, குழாய் வாயில் குறுக்கே வைத்த ஆணியில் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றபின் நூலைத் தீக்குச்சியால் சுடுங்கள். நைலான் நூல் உருகி இழுபடும், அது ஆகாது.

வேகத்தைச் சரிபார்க்கும் கண்

நார்க்கழிவின் மேல்மட்டத்திலிருந்து 10 செ.மீ. உயரத்தில் குழாயின் இரு பக்கமும் 5 மி.மீ. துளை போட்டு, ஒன்றில் அகச்சிவப்பு எல்இடி, எதிரில் போட்டோ டிரான்சிஸ்டர். எல்இடிக்கு 220 ஓம், டிரான்சிஸ்டருக்கு 10 கிலோ ஓம். வெள்ளைக் குழாய் வெளிச்சத்தை உள்ளே விடும். மதுரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் கண் குருடாகிவிடும். அந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பு டேப்பை இரண்டு சுற்று சுற்றுங்கள்.

65 மி.மீ. நீளச் சிலிண்டர் ஒளியை மறைக்கும் நேரம், 50 செ.மீ. வீழ்ச்சிக்கு, 22.3 மில்லி வினாடி வர வேண்டும். அது 2.91 மீ/வி. கண்ணைக் கடந்த பிறகும் எடை விழுந்துகொண்டிருப்பதால், மீதி 6.8 செ.மீ.யைச் சேர்த்துக் கணக்கிட்டால் தொடும் வேகம் 3.13 வந்துவிடும். 24 மில்லி வினாடி காட்டினால் வேகம் 7 சதவீதம் குறைவு: காற்றுத் துளை போதவில்லை அல்லது குழாய் செங்குத்தாக இல்லை. கொத்தனார் தூக்குக்குண்டை எடுத்து முதலில் குழாயைப் பாருங்கள்.

தட்டும் லோடு செல்லும்

குளியலறை எடைமெஷினில் இருக்கும் 50 கிலோ லோடு செல் நான்கு. ஒவ்வொன்றிலும் மூன்று கம்பி. நான்கும் சேர்ந்தால் 200 கிலோ, அதாவது 1,960 நியூட்டன் வரை தாங்கும். இந்தச் செல்லின் வெளிச் சட்டம்தான் தரையில் உட்கார வேண்டும், நடு நாக்கின் கீழ் 2 அல்லது 3 மி.மீ. காலியாக இருக்க வேண்டும். நேராகக் கல்லில் ஒட்டிவிட்டால் நாக்கு வளைய இடமில்லை, பத்து கிலோ வைத்தாலும் எண் அசையாது. இணையத்தில் "லோடு செல் வேலை செய்யவில்லை" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நோய் என்று தோன்றுகிறது.

மேல் தட்டுக்கு 200 × 200 மி.மீ., 6 மி.மீ. கனமுள்ள அலுமினியம். எடை 650 கிராம். கையில் 8 மி.மீ. இரும்புத் தகடு இருக்கிறதே என்று அதைப் போட்டால் 2.5 கிலோ ஆகிவிடும், ஏறக்குறைய நான்கு மடங்கு. தட்டின் எடை நான்கு மடங்கானால் அது தானாக அதிரும் அதிர்வெண் பாதியாகும், வேகமான அடியைப் பின்தொடர முடியாமல் தட்டு தன் போக்கில் ஆடும். அடியில் 40 மி.மீ. கடப்பைக் கல், அதன் கீழே சிமெண்டுத் தரை. மேசை மேல் வைக்காதீர்கள், மேசையும் சேர்ந்து ஆடும்.

கம்பி இணைப்பு. சிவப்புக் கம்பியிலிருந்து மற்ற இரண்டுக்கும் 1 கிலோ ஓம், மற்ற இரண்டுக்கும் இடையே 2 கிலோ ஓம். நிறத்தை நம்பாமல் மீட்டரால் இதைப் பார்த்து, நடுக் கம்பி எது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கு செல்லையும் வளையமாக: ஒன்றின் வெள்ளை இரண்டின் வெள்ளையோடு, இரண்டின் கறுப்பு மூன்றின் கறுப்போடு, மூன்றின் வெள்ளை நான்கின் வெள்ளையோடு, நான்கின் கறுப்பு ஒன்றின் கறுப்போடு. எஞ்சும் நான்கு சிவப்பில், ஒன்றும் மூன்றும் 5 வோல்ட் மின்னூட்டத்துக்கு, இரண்டும் நான்கும் சிக்னலுக்கு. பற்றவைத்தபின் எதிரெதிர்ச் சிவப்புகளுக்கு இடையே 2 கிலோ ஓம், அடுத்தடுத்த சிவப்புகளுக்கு இடையே 1.5 கிலோ ஓம் காட்ட வேண்டும். வேறு எண் வந்தால் எங்கோ சிவப்பு வேறு கம்பியோடு மாறியிருக்கிறது அல்லது பற்று சரியில்லை, மின்சாரம் கொடுக்காதீர்கள்.

எச்எக்ஸ்711 ஏன் வேண்டாம்

லோடு செல் கேட்டால் கடையில் எச்எக்ஸ்711 பலகையையும் சேர்த்தே கொடுப்பார்கள். டவுன்ஹால் ரோட்டுக் கடைகளிலும் அதுதான் நடக்கும். எடை பார்க்க அருமையான சிப். அடி அளக்க உதவாது. அது வினாடிக்கு 10 தடவை, பின்னை மாற்றிக் கட்டினால் 80 தடவை, அளவெடுக்கும். 80 என்றாலும் இரண்டு அளவுக்கு இடையே 12.5 மில்லி வினாடி. ரப்பர் மேல் விழும் அடி 3, 4 மில்லி வினாடியில் முடிந்துவிடும், ஒரு அளவுகூட அதன்மேல் விழாமல் போகலாம். விழுந்தாலும் அது உச்சமா, ஏறும் வழியா, இறங்கும் வழியா என்று தெரியாது. ஒரே உயரத்திலிருந்து மூன்று முறை போட்டால் மூன்று விதமான "விசை" காட்டும், மாணவர்கள் சராசரி எடுத்து நோட்டில் எழுதிவிடுவார்கள். அந்தச் சராசரிக்குப் பொருளே கிடையாது.

அதற்குப் பதில் ஐஎன்ஏ128 பெருக்கி. 1, 8ஆம் கால்களுக்கு நடுவே 100 ஓம் போட்டால் பெருக்கம் 501. இந்த அளவு பெருக்கத்திலும் இது பத்தாயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை ஈடுகொடுக்கும். 2, 3ஆம் கால்களுக்குச் சிக்னல், 7க்கு +9 வோல்ட், 4க்கு −9 வோல்ட், வெளியீடு 6இல். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கட்டி, நடுமுனையை, அளவுகளைப் பதிவு செய்யும் ஆர்டுயினோ பலகையின் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். 5ஆம் கால் ஆதார முனை. அதை நேரே கிரவுண்டில் கட்டாதீர்கள். நான்கு செல்லும் சமமாக இராது, எடை ஏதும் இல்லாதபோதே வெளியீடு எதிர்ப்பக்கம் போய்விட்டால் ஆர்டுயினோவுக்கு அது வெறும் பூச்சியம். 5 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோ ஓம், 470 ஓம் பிரித்து 0.45 வோல்ட் எடுத்து, மின்னழுத்தத்தை மாற்றாமல் அப்படியே கடத்தும்படி கட்டிய ஒரு எல்எம்358 ஆப்-ஆம்ப் வழியாக 5ஆம் காலுக்குக் கொடுங்கள். நடுவே எல்எம்358 இல்லாமல் மின்தடையை மட்டும் கட்டினால் பெருக்கியின் சமநிலை கெட்டு, இரைச்சலை ஒதுக்கும் திறன் போய்விடும்.

வெளியீட்டுக்கும் ஆர்டுயினோவின் ஏ0 முனைக்கும் நடுவே 1 கிலோ ஓம் தொடரில். ஏ0விலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒன்று, கிரவுண்டிலிருந்து ஏ0வுக்கு ஒன்று என இரண்டு 1என்4148 டயோடு. பெருக்கி 9 வோல்ட்டில் ஓடுவதால், பலமான அடி வந்தால் 5 வோல்ட்டைத் தாண்டி ஆர்டுயினோவின் காலைச் சுட்டுவிடும். சில ரூபாய் டயோடுக்காக இதை விட்டுவிடக் கூடாது.

செல்லின் உணர்திறன் வோல்ட்டுக்கு ஏறக்குறைய 1 மில்லி வோல்ட் என்று வைத்தால், 5 வோல்ட்டில் 200 கிலோவுக்கு 5 மில்லி வோல்ட், பெருக்கியபின் 2.5 வோல்ட். கிலோவுக்கு 12.5 மில்லி வோல்ட். ஆர்டுயினோ பிரித்தறியும் மிகச் சிறிய ஒரு படி 4.88 மில்லி வோல்ட், ஆக ஒரு படி 3.83 நியூட்டன். மென்மையான பொருள்களுக்கு இது கொஞ்சம் முரடு. அப்போது 100 ஓமை எடுத்துவிட்டு 47 ஓம் போடுங்கள். பெருக்கம் 1,065 ஆகும், ஒரு படி 1.8 நியூட்டன்.

இது எல்லாம் காகிதக் கணக்கு. உண்மையான எண்ணை எடை வைத்துத்தான் எடுக்க வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கடைத் தராசில் நிறுத்து, அந்த எடையைக் கேனிலேயே எழுதி, தட்டின் நடுவில் வையுங்கள். வெளியீட்டை மல்டிமீட்டரில் மில்லி வோல்ட்டாகப் படித்தால் ஆர்டுயினோவின் படிகளைவிட நுணுக்கமாக வரும். 5 கிலோ படிக்கல்லை நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்தும் பாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் 62 மில்லி வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஒரு மூலை மட்டும் குறைந்தால் அந்தச் செல்லின் நாக்கு எங்கோ முட்டுகிறது.

பதிவு செய்யும் முறை

ஆர்டுயினோ ஊனோவின் சாதாரண அனலாக்ரீட் கட்டளை ஒரு அளவுக்கு 112 மைக்ரோ வினாடி எடுக்கும். 600 அளவுக்கு 67 மில்லி வினாடி. ஊனோவின் 2 கிலோபைட் நினைவகத்தில் 600 எண்ணுக்கு 1,200 பைட் போகும், மிச்சம் போதும். நார்க்கழிவு, மணல், பஞ்சுக்கு இந்த வேகம் தாராளம். ரப்பர் போன்ற கடினப் பொருளுக்கு ஏடிசியின் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) கடிகாரப் பிரிப்பானை 128இலிருந்து 16க்கு இறக்கினால் ஒரு அளவுக்கு 20 மைக்ரோ வினாடி வரை குறைக்கலாம். துல்லியம் சற்று போகும், ஆனால் 12 மில்லி வினாடிக்குள் 600 புள்ளி கிடைக்கும்.

அளவெடுக்கும் சுற்றுக்குள்ளேயே சீரியலில் அச்சிட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் பாழ். 9,600 வேகத்தில் ஒரு எழுத்துக்கே 1 மில்லி வினாடி. முழுவதும் நினைவகத்தில் பிடித்துவிட்டு, அடி ஓய்ந்தபின் அச்சிட வேண்டும். 50 எண் கொண்ட சுழல் வரிசை ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கட்டும், அளவு அடிப்படையைவிட 5 படி ஏறியதும் பதிவு தொடங்கட்டும். அந்த முன் 50 எண்ணின் சராசரிதான் அன்றைய பூச்சியம். இதை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்றால், பூச்சியத்தில் ஒரே ஒரு படி பிழை இருந்தால் 60 மில்லி வினாடியில் 0.23 நியூட்டன்-வினாடி சேர்ந்துவிடும். 3.13இல் அது 7 சதவீதம். நேரத்தையும் ஊகிக்காதீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மைக்ரோஸ் கட்டளை தரும் மைக்ரோ வினாடி எண்ணை எடுத்து 600ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலின் ஒரு அலை 20 மில்லி வினாடி, நார்க்கழிவில் விழும் அடியும் கிட்டத்தட்ட அதே நீளம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பிரித்தெடுக்க வழியில்லை.

போடுமுன் ஒரு எச்சரிக்கை

வெறும் தட்டின் மேல் எடையைப் போடவே கூடாது. இரும்பு தட்டில் நேராக மோதினால் ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான நேரம்தான், விசை பல ஆயிரம் நியூட்டன் போய் நான்கு செல்லும் வளைந்துவிடும். ஒரு பொருளைப் போடலாமா என்று தீர்மானிக்கச் சுருக்கமான கணக்கு உண்டு: உச்ச விசை ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றலை அமுங்கும் தூரத்தால் வகுத்தது. 50 செ.மீ. வீழ்ச்சியின் ஆற்றல் 4.9 ஜூல். 1,500 நியூட்டனுக்குள் நிற்க 6.5 மி.மீ. அமுங்க வேண்டும். 12 மி.மீ. டயர் ரப்பர் அவ்வளவு அமுங்காது. அதனால் ரப்பருக்கு 10 செ.மீ. உயரம் மட்டும். அப்போது ஆற்றல் 0.98 ஜூல், 1.3 மி.மீ. அமுங்கினால் போதும்.

நார்க்கழிவில் முதல் வீழ்ச்சி

சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் நார் மில்களில் நார்க்கழிவு கிடைக்கும். 4 லிட்டர் பெயிண்ட் டப்பாவில் 10 செ.மீ. உயரத்துக்கு, அழுத்தாமல், கையால் உதிர்த்துப் போடுங்கள். டப்பா தட்டின் நடுவில். குழாயின் அடிவாய் நார்க்கழிவுக்கு மேல் 2 செ.மீ. நிற்க வேண்டும், குழாய் எங்கும் டப்பாவைத் தொடக் கூடாது. தொட்டால் விசையின் ஒரு பங்கு ஸ்டாண்டு வழியே தரைக்குப் போய்விடும், தட்டுக்கு வராது.

எடை 3 செ.மீ. ஆழம் புதைந்து நின்றது என்று வையுங்கள். சீராக வேகம் குறைந்ததாக எடுத்தால் சராசரி விசை 173 நியூட்டன், நேரம் 19 மில்லி வினாடி. திரையில் வருவது இவ்வளவு சீரான செவ்வகமாக இருக்காது. மெதுவாக ஏறி, நார் இறுகும்போது நிமிர்ந்து, பிறகு இறங்கும். ஆனால் ஒவ்வொரு அளவிலிருந்தும் பூச்சியத்தைக் கழித்து எல்லாவற்றையும் கூட்டினால் 7,700ஐ ஒட்டி வர வேண்டும். அதை 3.83ஆலும் 0.000112ஆலும் பெருக்குங்கள். 3.3 நியூட்டன்-வினாடி.

உந்தம் 3.13தானே, 3.3 எங்கிருந்து வந்தது? அளவுப் பிழை என்று இங்கே பலர் எண்ணைத் திருத்திவிடுவார்கள். திருத்தாதீர்கள். எடை நிற்கும் அந்த 19 மில்லி வினாடியும் ஈர்ப்பு அதைக் கீழே இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. தரை அந்த 9.8 நியூட்டனையும் சேர்த்துத் தாங்க வேண்டும்: 9.8 × 0.019 = 0.19. மிச்சம் 3.13. ரப்பரில் 3 மில்லி வினாடிக்கு இந்தத் தொகை 0.03, கண்டுகொள்ள வேண்டாம். இலவம்பஞ்சுத் தலையணையில் 40 மில்லி வினாடி ஆனால் 0.39, அதாவது எட்டில் ஒரு பங்கு. மென்மையான பொருளில் மட்டும் கணக்கு உதைக்கிறது என்றால் காரணம் இதுவே. எடை துள்ளாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டால், தொட்ட கணத்திலிருந்து ஒவ்வொரு அளவிலும் 9.8 நியூட்டனைக் கழித்துவிட்டுக் கூட்டுங்கள். கூட்டலை எங்கே நிறுத்தினாலும் விடை மாறாது.

இப்போது நார்க்கழிவைக் கிளறாமல், அதே குழியில் இன்னொரு முறை, குழியின் அடியிலிருந்து 50 செ.மீ. அளந்து போடுங்கள். இறுகிய நார் 1 செ.மீ.தான் இடம் கொடுக்கிறது என்றால் சராசரி விசை 500 நியூட்டன், நேரம் 6.4 மில்லி வினாடி, பரப்பு 3.19. பரப்பு ஏறக்குறைய அசையவில்லை, விசை மூன்று மடங்காகிவிட்டது. பாடத்தின் முழுச் சாரமும் இந்த இரண்டு வளைகோட்டில் இருக்கிறது. ஒன்று அகலமாகப் படுத்திருக்கும், மற்றது ஒடுங்கி உயர்ந்து நிற்கும். இரண்டையும் ஒரே காகிதத்தில் அச்சிட்டு, கட்டம் எண்ணச் சொல்லுங்கள். களத்தில் மாடும் ஆளும் மிதித்து இறுகிப்போன நார்க்கழிவைக் கிளறிவிட வேண்டியதன் காரணமும் இங்கேயே தெரிந்துவிடும். ஆனால் 5 செ.மீ. முகமுள்ள இரும்பை ஆளின் முதுகாக எண்ணி இந்த நியூட்டன் கணக்கை அப்படியே களத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. டப்பாவின் சுவரும் நாரை இறுக்குகிறது. பொருளைப் பொருளோடு ஒப்பிட மட்டும் இந்தக் கருவி.

5 செ.மீ. கனம் மட்டும் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். நார் முழுவதும் அமுங்கி, எடை அடித்தட்டை உணர ஆரம்பித்ததும் தாழ்ந்த மேடையின் முடிவில் திடீரென ஒரு கூர்முனை எழும்பும். பார்க்கச் சுவையான வளைகோடு, செல்லுக்கு எமன். உயரத்தை 20 செ.மீ.க்குக் குறைத்துவிட்டுச் செய்யுங்கள்.

மணல் வேண்டுமென்றால் எம்-சாண்ட் போதும். உலர்ந்த மணலில் எடை துள்ளாது, அதனால் கருவியைச் சரிபார்க்க அதுதான் முதல் தேர்வு. திருமங்கலம் பக்கத்துக் கரிசலை உலர்ந்த கட்டியாகவும், பொடித்தும், ஈரமாகவும் மூன்று விதமாகப் போட்டால் ஒரே மண் மூன்று தரையாக நடந்துகொள்வதைப் பார்க்கலாம். ஈரக் கரிசல் குழாயில் தெறித்து ஒட்டும், ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும்.

ரப்பர் துள்ளும்

10 செ.மீ. வீழ்ச்சிக்குத் தொடும் வேகம் 1.4 மீ/வி, உந்தம் 1.4. டயர் துண்டின் மேல் போட்டால் பரப்பு 2ஐத் தொட்டு நிற்கும். தவறு எதுவும் இல்லை. எடையை நிறுத்துவதோடு மேலே திருப்பியும் அனுப்புவதால் தரை இரண்டு வேலை செய்கிறது: இறங்கும் உந்தமும் ஏறும் உந்தமும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏறும் வேகத்துக்குத் தனிக் கருவி வேண்டாம். முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தட்டே சொல்லிவிடும்; 600 அளவுப் பதிவு இரண்டாவது அடிவரை நீளாது, அதனால் இதற்கு இரண்டு அடியின் மைக்ரோஸ் எண்ணை மட்டும் எடுங்கள். அதன் பாதியை 9.8ஆல் பெருக்கினால் துள்ளிய வேகம். இடைவெளி 0.14 வினாடி என்றால் 0.69 மீ/வி, மொத்தம் 2.09 நியூட்டன்-வினாடி. பரப்போடு ஒப்பிடுங்கள். இந்த இரண்டும் 5 சதவீதத்துக்குள் பொருந்தினால் கருவி நன்றாக இருக்கிறது.

உச்சத்தை ஏன் நம்பக் கூடாது

தட்டை ஸ்குரூ டிரைவரின் பிடியால் லேசாகத் தட்டிப் பதிவு செய்து பாருங்கள். ஒரு சிற்றலை வரிசை வரும், அதுதான் தட்டின் சொந்த ஆட்டம். உங்கள் அடியின் நீளம் அந்த ஆட்டத்தின் ஒரு சுற்றைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் உச்சத்தைப் படிக்கலாம். இல்லையென்றால் திரையில் தெரியும் உச்சம் அடியின் உச்சம் அல்ல, தட்டு ஆடிய ஆட்டம்.

இதை வேண்டுமென்றே காட்டலாம். ரப்பர் மேல் 10 செ.மீ. வீழ்ச்சியை ஒருமுறை பதியுங்கள். பிறகு அலுமினியத் தட்டின் அடியில் 2 கிலோ இரும்புப் பட்டையை போல்ட் போட்டு இறுக்கி, அதே வீழ்ச்சி. உச்சம் வேறு, வடிவம் வேறு, அடுத்து வரும் அலை வேறு. கூட்டிப் பார்த்தால் பரப்பு அதே. தட்டு எவ்வளவு ஆடினாலும் கடைசியில் ஓய்ந்து நிற்கிறது; அதன் சொந்த உந்தம் தொடக்கத்திலும் பூச்சியம், முடிவிலும் பூச்சியம். ஆகவே மேலிருந்து வந்த கணத்தாக்கு முழுவதும் செல்கள் வழியாகத்தான் தரைக்குப் போயாக வேண்டும். ஆட்டத்தில் கூடுதலாகக் காட்டியதை அடுத்த கணம் குறைவாகக் காட்டிச் சரிக்கட்டிவிடும். இரண்டு நிபந்தனை: ஆட்டம் ஓயும்வரை பதிவு நீள வேண்டும், வளைகோட்டின் தலையோ அடியோ தட்டையாக வெட்டுப்பட்டிருக்கக் கூடாது. வெட்டுப்பட்டால் பரப்பும் போச்சு.

மலிவான செல், ஊனோ, பெயிண்ட் டப்பா வைத்துக்கொண்டு உச்ச விசையைத் துல்லியமாகச் சொல்கிறேன் என்பது வீண் பெருமை. கணத்தாக்கை 5 சதவீதத்துக்குள் சொல்ல இதே சாமான் போதும். சராசரி விசை வேண்டுமென்றால் பரப்பைத் தொடு நேரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

தெர்மோகோலுக்கு ஒரு குறிப்பு. டிவி பெட்டியில் வரும் தெர்மோகோலைத் துண்டு போட்டு 50 மி.மீ. கனத்துக்கு அடுக்கி 20 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் முதல் முறை நல்ல அகலமான வளைகோடு வரும். அதே இடத்தில் இரண்டாவது முறை ஒடுங்கிவிடும், ஏனென்றால் நொறுங்கிய குமிழ்கள் மீண்டு வராது. ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் புதுத் துண்டு வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றச் சொல்வதும் இதனால்தான்.

பழுது

எடை ஏதும் இல்லாமல் வெளியீட்டை ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் மீட்டரில் படித்து எழுதி வையுங்கள். 0.45 வோல்ட்டை ஒட்டிய ஏதோ ஒரு எண் வரும். சில மில்லி வோல்ட் ஏறி இறங்குவது வெப்பத்தால். ஒரு வீழ்ச்சிக்குப் பிறகு 50, 60 மில்லி வோல்ட் தாவி அங்கேயே நின்றுவிட்டால் ஒரு செல் வளைந்துவிட்டது. மீண்டும் 5 கிலோ படிக்கல்லை நான்கு மூலையிலும் வைத்து எது என்று பார்க்கலாம், ஆனால் வளைந்த செல்லும் எடைக்குச் சரியாகவே ஏறி ஏமாற்றும். தட்டைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு செல்லின் நாக்கின் கீழும் தகட்டுக் கேஜைச் செருகிப் பாருங்கள். மற்ற மூன்றைவிட இடைவெளி குறைந்திருப்பதுதான் ஆள். அதை மட்டும் மாற்றினால் போதும், மாற்றியபின் தண்ணீர் கேன் அளவுத்திருத்தத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும். நார்க்கழிவுத் தூள் நாக்கின் அடியில் சேர்ந்தும் இடைவெளி அடைபடும். செல்லைக் குறை சொல்லுமுன் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் பாருங்கள்.